புகார்கள் குறைந்த மாதம்

புது சர்வருக்கு மாறிய மாதத்தில் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று இயக்குநர் அறிவித்தபோது நிர்வாகக் குழுவில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த ஒயரும் தட்டினாள். தட்டாமல் என்ன செய்வது? அந்த சர்வரை மாற்றியவளே அவள்தான்.

ஒயர் என்பது அவளுடைய பெயர் இல்லை. பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று கழுத்தைச் சுற்றி கேபிளோடு மேஜைக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். புகார்ப் பிரிவு அக்கா பயந்துபோய், "யாருடி இந்த ஒயரு?" என்று கத்தினாள். அவ்வளவுதான், அது ஒட்டிக்கொண்டது. இயக்குநர்கூடக் கூட்டத்தில் "நம்ம ஒயர்" என்றுதான் சொல்வார், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால்.

அந்த அலுவலகத்தின் வேலை, வரிசை வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் கட்டிடங்களைப் பராமரிப்பது. குழாய் ஒழுகினாலோ, படிக்கட்டில் விளக்கு எரியாவிட்டாலோ, குடியிருப்பவர்கள் இணையதளத்துக்குள் போய்ப் புகார் எழுத வேண்டும். எழுதினால் ஒரு நம்பர் வரும். நம்பர் வந்தால்தான் ஆள் கிளம்புவான். நம்பர் இல்லாத புகார் புகாரே இல்லை. இதில் மட்டும் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒரு முறை மழையில் அலுவலகக் கூரையே ஒழுகியது. புகார் அக்கா மேஜைமேல் ஒரு வாளியை வைத்துவிட்டு, தானே உள்ளே போய்ப் புகார் எழுதி, நம்பர் வாங்கி, தன் அலுவலகத்து ஆள் வருவதற்காகத் தன் அலுவலகத்திலேயே காத்திருந்தாள். நான் இட்டுக்கட்டவில்லை, அந்த வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் புகார்கள் சரிவதைக் காட்டும் வரைபடத்தை இயக்குநர் பெரிதாக அச்சடிக்கச் சொல்லி, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்தார். அலுவலகம் இருப்பது முதல் மாடி. அங்கே லிஃப்ட் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒயர் அந்த வரைபடத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் போன் அடித்தது. அம்மா.

"பிஸியாம்மா?"

"சீக்கிரம் சொல்லும்மா."

"அந்த லிஃப்ட் புகார் போகவே மாட்டேங்குதுடி."

ஒயருடைய அம்மாவும் அப்பாவும் இருப்பது இதே அலுவலகம் பராமரிக்கும் ஒரு கட்டிடத்தில், ஐந்தாம் மாடியில். அப்பாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த வாரமே அந்தக் கட்டிடத்து லிஃப்ட் நின்றுபோனது. டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: தினமும் சமதளத்தில் நன்றாக நடக்க வேண்டும், நடக்காமல் விட்டால் மூட்டு இறுகிப்போகும், அப்புறம் என்னிடம் வந்தும் பிரயோஜனம் இல்லை. படி இறங்குவது இப்போதைக்கு நினைத்தும் பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் நடக்கலாமென்றால் அது நாலு எட்டு வைத்தால் சுவர் இடிக்கிற வீடு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஊரைச் சுற்றிய மனிதர், கட்டிலுக்கும் பால்கனிக்கும் நடுவே திரும்பித் திரும்பித் தலை சுற்றிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா போகலை? எழுதி, கீழ இருக்கிற பட்டனை அழுத்தணும். இதுல என்ன இருக்கு?"

"அழுத்தினேனே. திரும்பவும் பாஸ்வேர்டு கேக்குது. கொடுத்து உள்ள போனா, எழுதினது ஒண்ணுத்தையும் காணோம்."

"நீ வேற எதையாவது அழுத்தியிருப்ப."

"இருக்கும்," என்றாள் அம்மா. அவள் எப்போதும் சட்டென்று ஒத்துக்கொண்டுவிடுவாள். அதுதான் அவளிடம் உள்ள கோளாறு.

"எவ்வளவு எழுதின?"

"அதிகமா இல்லை. முதல்ல வணக்கம் சொல்லி, நாம எப்ப குடிவந்தோம்னு சொல்லி, லிஃப்ட் இதுக்கு முன்னாடி எப்பெல்லாம் நின்னுச்சுன்னு..."

"அம்மா! 'லிஃப்ட் ஓடலை.' ரெண்டே வார்த்தை போதும்!"

"முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு அப்படி மொட்டையா எழுதினா என்ன நினைப்பாங்க? நீயே ஒண்ணு போட்டுவிடேன்டி."

"ஆபீஸ்ல இருக்கிறவங்க சொந்தக்காரங்களுக்குப் புகார் போடக் கூடாது, அது ரூல். அதோட, நான் போட்டுக் கொடுத்துக்கிட்டே இருந்தா நீ எப்பதான் கத்துக்குவ?"

ரூல் இருந்தது உண்மைதான். அதை மதித்தவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை என்பதும் உண்மைதான். ஒயருக்கு என்னவென்றால், சர்வர் மாற்றி முடித்த களைப்பு, கை தட்டு வாங்கிய மிதப்பு, அம்மாவுக்கு எதுவுமே சரியாக வராது என்று சின்ன வயதிலிருந்து ஊறிப்போன நினைப்பு. மூன்றும் சேர்ந்தால் யார் வாய்தான் சும்மா இருக்கும்? ஒழுங்காக டைப் பண்ணினால் ஒழுங்காகப் போகும் என்று ஒரு பாடம் நடத்திவிட்டு போனை வைத்தாள்.

அடுத்த சில நாட்களில் வேறு குரல்களும் வந்தன. வரவேற்பில் போன் ஓயாமல் அடித்தது. உள்ளே போகிறோம், எழுதுகிறோம், வெளியே தள்ளிவிடுகிறது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். போனில் சொல்வதற்கு நம்பர் கிடையாது என்பதால் அவை புகார்க் கணக்கில் வரவில்லை. இணையதளம் கோளாறு என்று புகார் செய்யவும் வழி இருக்கத்தான் செய்தது. இணையதளத்துக்குள் போய்ப் புகார் எழுத வேண்டும்.

"நேத்து ஒருத்தர் போன்ல அழுதே விட்டாருடி," என்றாள் புகார் அக்கா. வேலை குறைந்த தெம்பில் அவள் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தப் புது சர்வர் தங்கம். எத்தனை வருஷம் கழிச்சு நான் டீயைச் சூடா குடிக்கிறேன் தெரியுமா?"

ஒயருக்கு உள்ளுக்குள் லேசாக உறுத்தியது. செட்டிங்கைத் திறந்து பார்த்தாள்.

விஷயம் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. ஒருவர் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்ததும் சர்வர் அவர் கையில் ஒரு டோக்கன் கொடுக்கிறது. இன்னார் உள்ளே இருக்கிறார் என்று தன்னிடமும் ஒரு குட்டி ஃபைல் எழுதி, ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்கிறது. இதற்குத்தான் செஷன் என்று பெயர். அவர் எந்தப் பட்டனையும் தொடாமல் ரொம்ப நேரம் சும்மா இருந்தால், ஆள் போய்விட்டார் என்று முடிவு கட்டி அந்த ஃபைலைக் கூட்டித் தள்ளிவிடும். அப்புறம் டோக்கனை நீட்டினால் "நீ யாரு?" என்று கேட்கும். ஒருவர் உட்கார்ந்து மாங்கு மாங்கென்று எழுதிக்கொண்டிருந்தாலும் சர்வருக்கு அது தெரியாது. பட்டனை அழுத்தும்வரை அதன் கணக்கில் அவர் சும்மா இருப்பவர்தான்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று அவள் கொடுத்திருந்தாள்? ஒரு மணி நேரம். சரியாகத்தான் இருந்தது. இரண்டு மணி நேரமாக மாற்றினாள். போன்கள் நிற்கவில்லை. சர்வரின் கடிகாரம் சரியா என்று பார்த்தாள், சரி. டோக்கனில் பழைய முகவரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. தானே உள்ளே போய் ஒரு சோதனைப் புகார் எழுதினாள், படபடவென்று தட்டி முடித்தாள், நம்பர் வந்துவிட்டது. காலையில் உள்ளே போய் வெகுநேரம் சும்மா இருந்தும் பார்த்தாள், உள்ளேயே இருந்தாள். மத்தியானம் அதையே செய்தாள். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வெளியே தள்ளியிருந்தது. காலையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மத்தியானம் பேய் பிடிக்கிற சர்வரை அவள் அதுவரை பார்த்ததில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

தயங்கித் தயங்கி இயக்குநரிடம் போய் நின்றாள்.

"சார், புது சர்வர்ல ஒரு சின்னப் பிரச்சினை."

"பிரச்சினைன்னா புகார் வந்திருக்கணுமே. வந்துதா?"

"வரலை சார். வர முடியலைங்கிறதுதான் பிரச்சினை."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வராத புகாரைப் பத்தி நீ எதுக்கும்மா கவலைப்படுறே? நல்லா ஓடுறதைப் போய் நோண்டிக்கிட்டு."

இந்த இயக்குநரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கவிதை எழுதுவார். எழுதட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அவருக்கு ஒரு புனைபெயர் இருந்தது (அதைச் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன்), அந்தப் பெயரில் ஒரு இணையதளம் இருந்தது, அதில் வரும் காதலிக்கு இடுப்புவரை கூந்தல் இருந்தது. அவர் மனைவிக்குக் கழுத்துவரைதான். அதனால் அந்தத் தளம் இருப்பது வீட்டுக்குத் தெரியக் கூடாது. பல மாதங்களுக்கு முன் அவர் ஒயரைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தேனில் நனைத்துக்கொண்டு, "ஒரு சின்ன உதவிம்மா" என்று ஆரம்பித்தார். அலுவலக சர்வரில் ஒரு மூலையில் அந்தத் தளத்துக்கும் இடம் கிடைத்தது. புது சர்வருக்கு மாறியபோது அதையும் கூடவே தூக்கி வந்தவள் அவள்தான். வெளியே மூச்சு விடவில்லை.

இந்த நிலையில்தான் மறுநாள் மத்தியானம் அம்மா மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை லிஃப்டைப் பற்றி ஆரம்பிக்கவில்லை.

"அப்பாவுக்கு இன்னிக்கு முழங்காலை மடக்கவே முடியலைடி. காலையில பிடிச்சு எழுப்பினேன், பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு."

ஒயருக்கு டாக்டர் சொன்ன வார்த்தை அப்படியே காதில் கேட்டது. இறுகிப்போகும்.

"அம்மா, போனை வைக்காதே. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, இப்பவே உள்ள போய்ப் புகாரை எழுது. நான் இங்கேருந்து பாக்கிறேன்."

"இப்பவா? நான் மெதுவாத்தான் எழுதுவேன், நீ கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன். எப்பவும் எப்படி எழுதுவியோ அப்படியே எழுது."

செஷன் ஃபைல்கள் கிடக்கும் ஃபோல்டரைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டாள். அம்மா உள்ளே வந்தாள். புதிதாக ஒரு ஃபைல் முளைத்தது. இதோ, இதுதான் அம்மா. அதைப் பார்த்ததும் காரணமில்லாமல் ஒயருக்கு அம்மாவை நேரில் பார்த்தது போல இருந்தது.

"ஐயா... அவர்களுக்கு..." அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டினாள். "ணகரம் எங்கடி இருக்கு? ஆங், இருக்கு. வணக்கம். இரு, அடுப்புல பால் வெச்சிருக்கேன், அணைச்சிட்டு வந்துடறேன்."

போனில் அப்பாவின் இருமல் கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வந்து கண்ணாடியைத் துடைத்தாள், அதுவும் கேட்டது. ஒயர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஒரு முறைகூட அம்மா எப்படி எழுதுகிறாள் என்று அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அப்போது இயக்குநர் அறைக் கதவு சாத்தப்பட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அது தினமும் சாத்தப்படும். "முக்கியமான வேலை, யாரும் உள்ள வர வேண்டாம்" என்று உத்தரவு.

ஒயரின் கண் முன்னால் ஃபோல்டர் காலியானது. முப்பது நாற்பது ஃபைல்கள் இருந்த இடத்தில் அப்போதுதான் வந்த இரண்டு மூன்று மட்டும் மிஞ்சின. அம்மாவின் ஃபைல் போயே போய்விட்டது. போன இடத்தில் பளிச்சென்று புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருப்பவர் பெயர் என்ற இடத்தில் அந்தப் புனைபெயர்.

அடப்பாவி! யாரைச் சொன்னாள்? தன்னைத்தான்.

பழைய சர்வரில் இரண்டு தளங்களுக்கும் தனித்தனி ஃபோல்டர் இருந்தது. மாற்றுகிற அவசரத்தில் அவள் அதைக் கவனிக்காமல் விட, இரண்டும் ஒரே ஃபோல்டரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கவிதைத் தளத்தின் செட்டிங்கோ ஐந்தே நிமிடம். வீட்டில் மறந்துபோய்த் திறந்து வைத்துவிட்டால் மனைவி கண்ணில் படக் கூடாது, தானாக மூடிக்கொள்ள வேண்டும், பழைய தடயம் ஒன்றும் மிஞ்சக் கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுத்தமாகப் பெருக்கிவிட வேண்டும் என்று அவர் கேட்டார். அவளே எழுதிக் கொடுத்தாள். பெருக்குகிறவனுக்கு எது கவிஞர் குப்பை, எது புகார்க்காரர் டோக்கன் என்று என்ன தெரியும்? ஐந்து நிமிடம் சும்மா இருந்த எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டான். இயக்குநர் காதலியின் கூந்தலைக் கோதும்போதெல்லாம் ஒரு ஊரே வெளியே விழுந்திருக்கிறது. சீக்கிரமாகத் தட்டுகிறவர்கள் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள். நிதானமாக, மரியாதையாக எழுதுகிறவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

"அச்சச்சோ," என்றது போன். "எழுதி முடிச்சு அழுத்தினேன்டி. திரும்பவும் பாஸ்வேர்டு கேக்குது. நான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போல."

உன் மேல் தப்பு இல்லை அம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்து "அப்ப யார் மேல?" என்று வரும். "அப்புறம் கூப்பிடறேன்மா" என்று வைத்துவிட்டாள்.

நேராகப் போய் இயக்குநர் கதவைத் தட்டினாள். உள்ளே அவசர அவசரமாக மவுஸ் அழுத்தும் சத்தம். பிறகு, "யாரது? வரலாம்."

அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டிக்கொண்டே போனது. கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"நமக்கு மட்டும்தான் சார்."

போன ரத்தம் திரும்பி வந்தது. "நல்லது. பாரும்மா, அடுத்த வாரம் நிர்வாகக் குழு மறுபடி கூடுது. இந்தப் புகார் குறைஞ்ச விஷயத்துக்காக நம்ம அலுவலகத்துக்குப் பாராட்டுப் பத்திரம் தரப் போறாங்க. அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டுமே. ஒரு வாரத்துல என்ன கெட்டுப் போயிடப் போகுது?"

ஒரு வாரத்தில் என்ன கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு முழங்கால் கெட்டுப்போகும். "சரி சார்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தவள், நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்ற நிலையிலேயே கவிதைக்குத் தனி ஃபோல்டர் போட்டுவிட்டாள். ஒரு வரி மாற்றம். அக்காவின் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு அம்மாவுக்கு, சாயங்காலம் இன்னொரு தடவை எழுது என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்.

மறுநாள் காலை அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு மாதமாக வெளியே நின்று கதவை இடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே இரவில் உள்ளே வந்துவிட்டார்கள். புகார் நம்பர் ஓடியது ஓட்டம். பாதி நகத்தில் பாலிஷோடு அக்கா திரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"யாருடி இது, அணையை உடைச்சு விட்டது? ஐயோ, ஒவ்வொண்ணும் மகாபாரதம் மாதிரி எழுதியிருக்காங்க! இங்க கேளுங்களேன், இது ஒண்ணு, சிரிச்சுச் செத்துடுவீங்க." அவள் எழுந்து நின்று, குரலை இழுத்து வாசித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"'ஐயா அவர்களுக்கு, வணக்கம். உங்கள் எல்லோருடைய நலனையும் விரும்புகிறேன். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. இதை நான் பல முறை எழுதியும் எனக்கு டைப் பண்ணத் தெரியாததால் உங்களுக்கு வந்து சேரவில்லை. அதற்கு மன்னிக்கவும்.' மன்னிப்பு வேற! 'என் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் கீழே இறங்கி நடக்க வேண்டும்.' இருங்க, இதுதான் கிளைமாக்ஸ். 'என் மகள் உங்கள் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறாள். தயவுசெய்து இதை அவளிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு வேலை அதிகம். இதையும் நான் தப்பாக அனுப்பியிருந்தால் திட்டுவாள்.'"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "நம்ம ஆபீஸ்லயா?" என்றார் ஒருவர். "அந்த மகாராணி யாருப்பா?"

ஒயருக்குக் காதெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அது பிளக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எங்கம்மா அக்கா அது."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். ரகசியம் போலக் கேட்டாள்: "ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் நாளே நானே போட்டிருப்பேனே. எங்க மாமியார் வீட்டுக் குழாய்க்கெல்லாம் யாரு போட்டான்னு நினைக்கிறே?"

"இப்ப நம்பர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஆனா வரிசையில எங்க கிடக்குது பாரு. இதுக்கு முன்னாடி இருக்கிறதை முடிக்கவே ஒரு மாசம் ஆகும்." முதல் தடவை எழுதியது வந்து சேர்ந்திருந்தால் அது வரிசையில் முதலில் நின்றிருக்கும் என்பதை அக்கா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

உள்ளேயிருந்து இயக்குநர் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது, இன்று "நம்ம ஒயர்" இல்லை.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? குழுத் தலைவர் போன் பண்றாரு. புகார் மூணு மடங்கா ஏறியிருக்காம். காரணத்தை எழுத்துல கேக்குறாரு, இன்னிக்கே! நான் என்னன்னு எழுதுறது?"

ஒயர் வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. வாயில் வந்ததைப் பேசினாள். "உண்மையை எழுதலாம் சார். ரெண்டு தளமும் ஒரே ஃபோல்டர்ல இருந்துச்சு. இன்னொரு தளம் எதுன்னு கேப்பாங்க. முகவரி கொடுத்தா அவங்களே போய்ப் படிச்சுப் பாத்துக்குவாங்க."

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இல்லைன்னா வேற மாதிரியும் எழுதலாம் சார்," என்றாள் அவள். "எப்படி எழுதினா உங்களுக்கு நல்லதோ அப்படி எழுதித் தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு லிஃப்ட் இருக்கு."

"எந்த லிஃப்ட்?" என்றார் இயக்குநர். அவ்வளவு வேகமாக அவர் எந்தப் புகாரையும் கேட்டதில்லை.

இது நியாயமா என்றால், இல்லைதான். வரிசையில் அவளுடைய அம்மாவுக்கு முன்னால் எத்தனையோ அம்மாக்கள் நின்றார்கள். ஒயருக்கும் அது தெரியும், அன்று முழுக்க அது முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. குத்தினால் குத்தட்டும் என்று விட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் லிஃப்ட் ஆட்கள் கிளம்பிப் போனார்கள். அவளும் உட்கார்ந்து, புது சர்வரின் அபாரத் திறனால் மக்களுக்கு அலுவலகத்தின் மேல் நம்பிக்கை பெருகி, முன்பு எழுதவே தயங்கியவர்களும் இப்போது ஆர்வத்தோடு எழுதுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். "பெருகி" என்பதைப் "பொங்கி" ஆக்கினார். அடுத்த வாரம் பாராட்டுப் பத்திரம் வந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் புது வரைபடம் ஒட்டினார்கள். கோடு மேலே ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் அது அடுத்த வாரம். அன்று சாயங்காலம் ஒயர் அம்மா வீட்டுக்குப் போனபோது, கட்டிடத்து வாசலிலேயே அப்பாவைப் பார்த்தாள். சுவரோரமாக, கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். முகத்தில் வலி, ஆனாலும் சிரிப்பு. அம்மா பக்கத்திலேயே கையை நீட்டியபடி போய்க்கொண்டிருந்தாள்.

ஒயரைக் கண்டதும் அம்மா ஓடி வந்தாள். "நீ சொன்னது சரிதான்டி! ஒழுங்கா டைப் பண்ணினா ஒழுங்காப் போகும்னு சொன்னேல்ல? நேத்து சாயங்காலம் வேகமா அடிச்சேன், போயிடுச்சு! இன்னிக்கே ஆளு வந்துட்டாங்க. பத்து நாளா பேப்பரைப் பாத்துப் பாத்து அடிச்சுப் பழகினேன்." ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நுனி சிவந்து வீங்கியிருந்தது. "கீழ் வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன், இனிமே என்ன புகாரா இருந்தாலும் என்கிட்ட கொடுங்க, நான் போட்டுத் தர்றேன்னு."

ஒயர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல தப்பே இல்லம்மா. முதல் தடவையே நீ ஒழுங்காத்தான் எழுதியிருக்கே. தப்பு என்னோடது. சர்வரை மாத்தும்போது நான் ஒரு இடத்துல..."

"ஷ்!" அம்மா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "சத்தமா சொல்லாதே. யார் காதுலயாவது விழுந்து ஆபீசுக்குப் போச்சுன்னா உன் வேலை என்ன ஆகிறது? தப்பு என்னோடதாவே இருக்கட்டும். எனக்கு என்ன, வேலையா போயிடப் போகுது?"

ஒயர் நடைபாதையிலேயே நின்று அழுதாள். அதற்குள் அப்பா ஒரு சுற்றை முடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"நடு ரோட்டுல நின்னு என்ன பேச்சு?" என்றார். "ஒதுங்குங்க, வண்டி வருது."

இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.